எந்திரக் கம்மியர் ஜி. டி. நாயுடு

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகக் குமரிமுனைக்குச் செல்லும் சாலையில் கொட்டாரம் என்னும் ஊர் உள்ளது. நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் அவ்வூரைச் சூழ்ந்து விளங்குகின்றன. முன்னாளில் காளையும் கலப்பையுமே அங்குள்ள உழவர்க்குத் துணையாக இருந்தன. இந்நாளிலோ, பயிருக்கு மருந்து தெளித்தற்கும் புல் அறுத்தற்கும் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் வந்துள்ளன. ஒருவர் தம் முதுகிற் சுமந்து வரப்பின்மேல் நடக்கத்தக்க அளவினவே அவை. அளவிற் சிறியதாயினும், அந்த எஞ்சின் பழுதுற்றால் உழவரின் வேலை நின்றுவிடும். கதிர் பால்பிடிக்கும் பருவத்திற் பூச்சி விழுந்திருக்க, தெளிப்பான் இயங்காமற் போயின் நேரும் இழப்புச் சிறிதன்று.

அத்தகைய எஞ்சினைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றால், அவர் முதலில் எண்ணெய் ஒழுங்காக வருகின்றதா என்று பார்ப்பார். பின்பு பிளக்கில் தீப்பொறி எழுகின்றதா என்று பார்ப்பார். இரண்டும் செம்மையாக இருந்தும் எஞ்சின் வலிவின்றி முனகுவதுண்டு. அப்பொழுது அவர் கைவிளக்கு ஒன்றை எடுப்பார். அதனை ‘டைமிங் லைட்’ என்பர். பிளக்கிற்குச் செல்லும் கம்பியின்மேல் அவ்விளக்கின் கவ்வி மாட்டப்படும். அக்கம்பியில் மின்சாரம் பாயுந்தோறும் விளக்கு ஒரு கணம் பளிச்சிட்டு அணையும். எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அசையாத உறையில் மற்றொரு குறி இருக்கும். விளக்கொளியைச் சக்கரத்தின்மீது செலுத்தினால், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் அச்சக்கரம் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். சக்கரம் ஒரே இடத்துக்கு வருந்தோறும் ஒளி அதன்மேல் விழுவதால், இடையில் அது சுழன்றதைக் கண் காண்பதில்லை. குறியும் கோடும் நேர்பட நின்றால், தீப்பொறி உரிய நேரத்தில் எழுகின்றது என்று அறியலாம். அவை விலகி நின்றால், நேரம் பிறழ்ந்துள்ளது. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் விரல்நகம் போன்றதோர் ஆப்பு நைந்து, சக்கரம் இம்மியளவு புரண்டிருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும்.

உரிய நேரம் என்பது யாது? எஞ்சினின் உருளைக்குள் உலக்கைபோல் மேலும் கீழும் இயங்குவது பிஸ்டன். அது மேலேறும்பொழுது, எண்ணெயாவியும் காற்றும் கலந்த கலவை நெருக்குண்ணும். அப்பொழுது தீப்பொறி விழுந்தால் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆயினும், கலவை முழுதும் பற்றி எரியச் சிறிது பொழுது வேண்டும். ஆதலால், பிஸ்டன் முகட்டை அடைந்த பின் தீமூட்டினால் பயனில்லை. அடைவதற்குச் சற்று முன்னரே மூட்டுதல் வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு கூறு. முகட்டுக்கு 20 பாகை முன்னே தீப்பொறி எழவேண்டுமாயின், அம்முந்துதல் ஒரு விநாடியை 900 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறேயாகும். இதற்கும் முந்தினால் எஞ்சின் உள்ளே சம்மட்டி அடிபட்டாற்போல் தட்டும். நாளடைவிற் பிஸ்டன் கெடும். பிந்தினால் வலிமை குன்றும், எஞ்சின் வெம்மை மிகும், எண்ணெய் வீணாகும்.

சுழலும் பொருளை நின்றதுபோலக் காட்டும் மின்வெட்டு விளக்கினை 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் என்பார் சீர்பெறச் செய்தார். அதற்கு முன்னர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்கள் விநாடியின் இந்நுண்கூற்றைக் கையாலும் காதாலுமே அறிய வேண்டியிருந்தது. அக்காலத்தில், எந்திரக் கல்லூரி எதிலும் பயிலாது, தம் முயற்சி ஒன்றையே துணையாகக் கொண்டு எஞ்சினின் இயல்பை உணர்ந்த தமிழ்நாட்டவர் ஒருவர் உளர். அவரே ஜி. டி. நாயுடு எனப் பெயர்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவார்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு ஓர் உழவர். அன்னையாரை இளமையிலேயே இழந்த அச்சிறுவர்க்குப் பள்ளி வாழ்க்கை பொருந்தவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவந்தார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். போற்றத்தக்க செயலன்று அது; பிற்காலத்தில் ஒரு கல்லூரிக்கே முதல்வராகப் போகும் ஒருவர் பள்ளியை விட்ட முறை இது என்பதனாற்போலும் அக்கதை நிலைத்து நின்றது. பள்ளிக்கல்வி தொடக்க வகுப்போடு முடிந்தது. தந்தையாரின் நிலத்தில் வேலை செய்துகொண்டே, கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்து வந்தார்.

அந்நாளில் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். அது ரட்ஜ் என்னும் ஆங்கில நிறுவனம் செய்த வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல், மிதிப்பாருமின்றி, ஓசையிட்டுக்கொண்டு தானே ஓடும் ஊர்தியை இளைஞர் துரைசாமி அன்று கண்டார். ஏனையோர் சில நாள் பேசி மறந்த காட்சியை அவரால் மறக்க இயலவில்லை. எவ்வாறு ஓடுகின்றது என்னும் வினா அவரை ஊரிலிருந்து கிளப்பிவிட்டது. கோயம்புத்தூருக்குச் சென்று, ஓர் உணவுவிடுதியிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். உழவர் குடியிற் பிறந்த மகன் பிறர் எச்சில் இலை கிடக்கும் கூடத்தில் ஏவல் செய்வதைச் சுற்றத்தார் விரும்பியிருத்தல் இயலாது. அவரோ கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தாம் கண்ட அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் வரவில்லை. அதனைப் பிரித்துப் போட்டார். உறுப்பு உறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றும் எதனோடு பொருந்துகின்றது என்று கண்டு, மீண்டும் பூட்டினார். அவருடைய எந்திரக் கல்வி தொடங்கிய இடம் அதுவே.

இவ்வேலையின் அருமையை இன்றைய மாணவர் உணர்தல் வேண்டும். கழற்றுதல் எளிது, பூட்டுதல் அரிது, அதனினும் அரிது, பூட்டியதை ஓடச்செய்தல். அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் தீப்பொறிக்கு வேண்டும் மின்சாரத்தைத் தந்தது மாக்னெட்டோ என்னும் கருவி. காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் சுழல்வதால் அதில் மின்சாரம் பிறக்கும். 1902-ஆம் ஆண்டில் செருமனி நாட்டு ஸ்டுட்கார்ட் நகரில், ராபர்ட் பாஷ் என்பவரின் பட்டறையில் காட்லோப் ஹோனால்டு என்பார் மிகுந்த மின்னழுத்தம் தரும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்த பின்னரே விரைவாக ஓடும் எஞ்சின்கள் உலகெங்கும் பரவலாயின. அந்த மாக்னெட்டோவை எஞ்சின் தன் சங்கிலியாலோ பற்சக்கரத்தாலோ சுழற்றும். பிரித்ததைப் பூட்டும்பொழுது ஒரு பல் தவறினும் தீப்பொறியின் நேரம் பிறழ்ந்துவிடும். உறுப்பெல்லாம் குறைவின்றி இருக்கும், எண்ணெய் இருக்கும், பொறியும் எழும், ஆனால் வண்டி கிளம்பாது.

டைமிங் லைட் இல்லாத அந்நாளில் கம்மியர் இதற்கு ஓர் உபாயம் செய்தனர். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு குச்சியை உள்ளே விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்புவர். குச்சி உயர்ந்து நிற்கும் இடமே பிஸ்டனின் முகடு. அங்கிருந்து குறித்த அளவு கீழே பிஸ்டனை நிறுத்திக்கொள்வர். மாக்னெட்டோவினுள், ஒன்றையொன்று தொட்டும் விட்டும் இயங்கும் இரு சிறு முனைகள் உண்டு. அவை பிரியும் கணத்தில்தான் தீப்பொறி எழும். அம்முனைகளின் இடையே சுருட்டுத்தாள் போன்ற மெல்லிய தாள் ஒன்றைச் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டே மாக்னெட்டோவைத் திருப்புவர். பிடிபட்டிருந்த தாள் எப்பொழுது நழுவுகின்றதோ அப்பொழுது முனைகள் பிரிந்தன என்பது பொருள். அந்நிலையில் இரண்டையும் பிணைத்து முடுக்குவர். பின்னர் எஞ்சினை ஓட்டி அதன் ஓசையைக் கேட்பர். செவி நன்கு பழகியவர்க்கு, பொறி முந்துகின்றதா பிந்துகின்றதா என்பது அவ்வொலியிலேயே புலனாகும். இக்கல்வியை ஏட்டிற் பெறுதல் இயலாது. எண்ணெய்க் கறை படிந்த கையோடு பெற வேண்டிய கல்வி இது.

இவ்வாறு கம்மியத் தொழிலிற் கால்கொண்ட நாயுடு, இடையே பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப்போர்க் காலத்திற் திருப்பூரிற் பஞ்சரைக்கும் ஆலை நடத்திப் பொருள் ஈட்டினார். அப்பொருளோடு பம்பாய்க்குச் சென்று வாணிகம் செய்து அதனை இழந்தார். ஈட்டியதும் இழந்ததும் விரைவிலே முடிந்தன. வெறுங்கையராய்க் கோயம்புத்தூர் திரும்பியவர்க்கு மீண்டும் எஞ்சினே புகலிடமாயிற்று.

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் நாயுடுவின் உழைப்பை அறிந்தவர். அவருடைய உதவியால் 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே; ஓட்டுநரும் அவரே; பழுது நேர்ந்தால் கம்மியரும் அவரே.

அற்றைநாட் பேருந்தை ஓட்டுதல் எளிய வேலையன்று. விசையை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும் வசதி அந்நாள் வண்டிகள் பலவற்றில் இல்லை. வண்டியின் முன்னே நின்று, இரும்புக் கைப்பிடி ஒன்றை மாட்டிச் சுழற்ற வேண்டும். சுழற்றுமுன், தீப்பொறியைப் பிந்தச்செய்யும் நெம்புகோலை நகர்த்தி வைத்தல் வேண்டும். மறந்தால், பிஸ்டன் முகட்டை அடையுமுன்னரே கலவை வெடித்து எஞ்சின் எதிர்ப்புறமாக உதைக்கும்; கைப்பிடி சுழன்று அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கைமுறிந்த ஓட்டுநர் பலர் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தனர். வண்டி ஓடத்தொடங்கிய பின், விரைவு மிகமிகப் பொறியை முந்தச்செய்தல் வேண்டும். மேடு ஏறும்பொழுது மீண்டும் பிந்தச்செய்தல் வேண்டும். இக்காலத்தில் எஞ்சின் தானே செய்துகொள்ளும் இவ்வேலையை அன்றைய ஓட்டுநர் ஓசையைக் கேட்டுக் கேட்டுக் கையாற் செய்தனர்.

ஒரு பேருந்து பலவாயிற்று. ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்னும் பெயரால் அவர் நிறுவிய நிறுவனம் 1930-களில் இருநூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை உடையதாயிற்று. வண்டிகளின் எண்ணிக்கையினும் அவற்றின் ஒழுங்கே அந்நிறுவனத்துக்குப் புகழ் தந்தது. குறித்த நேரத்தில் வண்டி புறப்படும்; குறித்த நேரத்திற் சேரும். கட்டை வண்டியில் விடியற்காலை புறப்பட்டு, எப்பொழுது சேர்வோம் என்று அறியாது பயணம் செய்து பழகிய மக்களுக்கு இது புதுமையாக இருந்தது. நேரத்தைப் பற்றிய இக்கண்டிப்பு அவருடைய வாழ்க்கை முழுதும் விளங்கிற்று. உடனிருந்தோர்க்கு அது சிலபொழுது துன்பமாகவும் இருந்திருக்கும்.

1930-களில் அவர் மேனாடுகளுக்குப் பன்முறை பயணம் செய்தார். சென்ற இடங்களிலெல்லாம் தொழிற்சாலைகளைக் கண்டார், படம் எடுத்தார். 1936-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் நிகழ்ந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் படக்கருவியிற் பதிவு செய்தார். சிறிய மின்கலங்களால் இயங்கும் முகச்சவரக் கருவி ஒன்றை அமைத்தார். ‘ரேசண்ட்’ என்னும் பெயரோடு அது செருமனியிற் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. எந்திரங்களை மேனாட்டிலிருந்து வாங்குதலே வழக்கமாக இருந்த காலத்தில், தமிழர் ஒருவரின் கருவி மேனாட்டுப் பட்டறையில் உருவாயிற்று. மெல்லிய சவர அலகுகளும், பழச்சாறு பிழியும் கருவியும், மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறியும் அவர் அமைத்த பிற பொருள்கள்.

1937-ஆம் ஆண்டில், கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் இருந்த அவருடைய ‘நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்’ தொழிற்சாலையிலிருந்து இந்திய நாட்டிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதனை ஆக்குவதில் அவரோடு உழைத்தவர் து. பாலசுந்தரம் நாயுடு. கிணற்று நீரை நம்பி வாழும் கொங்கு நாட்டு உழவர்க்கு மின்மோட்டார் எத்துணைப் பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னாளிற் கோயம்புத்தூர் மோட்டாருக்கும் இறைப்பு எந்திரத்துக்கும் நாடெங்கும் பெயர்பெற்ற நகராயிற்று. 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வு உடைய வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று நாயுடு அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

கையாற் கற்றவர், பிறர்க்கும் அவ்வாறே கற்பிக்க விரும்பினார். அவர் பெரும்பொருள் வழங்கியதனால், 1945-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரிற் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றியது. அப்பொழுது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப் பெயர் அதற்கு இடப்பட்டது. அக்கல்லூரி வேறிடம் சென்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்த பின்னும், அவிநாசிச் சாலையில் அது தொடங்கிய இடத்தை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர். நாயுடுவே அதற்கு முதல்வராக அமர்ந்தார். ஆயினும், பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டு என்னும் முறை அவருக்கு உடன்பாடன்று. இரண்டாண்டிற் கற்பிக்கத்தக்கதை நான்காண்டாக நீட்டுதல் இளைஞரின் காலத்தை வீணாக்குவதாகும் என்று அவர் கருதினார். அரசினர் அதனை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். எந்திரத்தைக் கையாளுதற்கு இரண்டாண்டு போதுமாகலாம். அதன் அடியிலுள்ள கணக்கையும் இயற்பியலையும் ஐயமறக் கற்றற்குப் போதுமா என்பது வேறு வினா. அவருடைய கூர்த்த அறிவுக்கு இயன்றது எல்லார்க்கும் இயலும் என்று அவர் எண்ணினார் போலும். பிற்பாடு தம் பொறுப்பிற் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தி, இளைஞர் பலரைத் தொழிலறிந்தவர் ஆக்கினார்.

அவருடைய முயற்சிகளுள் மிகுந்த வருத்தத்தை விளைத்தது மோட்டார் காரைப் பற்றியது. 1952-ஆம் ஆண்டில், இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் ஆக்கினார். அதன் விலை 2000 ரூபாய் எனக் குறித்தார். நாட்டிற் புதிய தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1951-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டிருந்தது. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், அக்கார் நம் மேடுபள்ளச் சாலைகளைத் தாங்கியிருக்குமா, அவ்விலைக்கு ஆயிரக்கணக்கிற் செய்தல் இயன்றிருக்குமா என்பவற்றைச் சாலையில் ஓட்டியே அறிந்திருக்கலாம். அதற்கு வாய்ப்பு அமையவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய இளைஞர், தம் அறுபதாம் ஆண்டை நெருங்கிய பொழுது ஆக்கிய வண்டி மக்கள் கைக்கு வராமலே போயிற்று.

வரிவிதிப்பு முறையின்மேலும் அவருக்குப் பெருஞ்சினம் இருந்தது. அதனைக் காட்டுதற்கு 1950-களில், தாம் ஆக்கிய பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்தார். அச்செயலை எல்லாரும் ஒப்பவில்லை. பல ஆண்டு உழைத்துச் செய்தவற்றை நொடியில் உடைப்பதால் அரசுக்கு இழப்பில்லை. காணவந்த இளைஞர்க்கே இழப்பு. எந்திரத்திற் தீப்பொறி முந்தினால் என்ன நேரும் என்பதை நன்கறிந்த அவருக்குத் தம் சினத்தை அடக்குதல் அன்று இயலவில்லை.

ஆயினும் அவர் ஓய்ந்து அமரவில்லை. நிலத்தின் பக்கம் திரும்பி, பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். தாம் உலகெங்கும் சேர்த்த கருவிகளை மாணவரும் பொதுமக்களும் காணுமாறு கோயம்புத்தூரிற் கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள், தம் எண்பதாம் அகவையில் அவர் உயிர் நீத்தார். அவிநாசிச் சாலையில் அக்கண்காட்சியோடு பழைய மோட்டார் வண்டிகளின் காட்சிக்கூடமும் இப்பொழுது உள்ளது. அச்சாலையின்மேல் 2025-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற, பத்துக் கிலோமீட்டர் நீளமுடைய மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றுள்ளது.